யந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

சென்னைக்கு அண்மையிலுள்ள ஒரகடத்தில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உற்பத்தியாகின்றன. இத்தகைய ஆலைகளை நடத்தும் கம்பெனிகளில் சி.டி.ஓ. (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) பெரியவரா, சி.ஐ.ஓ. (தலைமைத் தகவல் அதிகாரி) பெரியவரா என்ற விவாதம் உத்தியோகஸ்தர்களிடையே ஓய்வதில்லை. விற்கும் பொருளுக்குள் அமையும் தொழில்நுட்பம் முன்னவரது பொறுப்பு, கம்பெனி தன் காரியங்களை நடத்திக்கொள்ளும் கணினிகள் பின்னவரது பொறுப்பு என்று பாகம் பிரிப்பது வழக்கம்.

ஆனால் வெல்டிங் ரோபோவின் பக்கத்தில், தூசி படிந்த இரும்புப் பெட்டிக்குள், எப்போதோ போட்ட விண்டோஸோடு இரவு பகலாக ஓடும் கணினி யாருடைய பாகம்? சி.ஐ.ஓ.வின் ஆட்கள் அதைத் தொட வந்தால், யந்திரம் விற்றவர் வாரண்டி போய்விடும் என்பார், ஷிப்ட் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய பிளான்ட் ஹெட்டோ, லைனை நிறுத்த முடியாது என்பார், சி.டி.ஓ.வுக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரிந்திராது.

2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை என்னும் கணினிக் கிருமி உலகெங்கும் பரவி, ரெனோ–நிஸ்ஸானின் ஒரகடம் ஆலையையும் பாதித்தபோது, அது நுழையும் ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மருந்து கைக்கு எட்டியும், அதை இடுவதற்கு யந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் இன்னாருக்கு என்று ஏற்படாத ஆலை எதுவாயினும் அதன் கதி அதோகதிதான்.

சட்டமும் இதில் அதிகம் உதவாது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், முக்கிய நிர்வாகிகளென்று நிதி அதிகாரியையும் கம்பெனிச் செயலாளரையும் பெயர் சொல்லி வைத்திருக்கிறதே யொழிய, சி.டி.ஓ.வையோ சி.ஐ.ஓ.வையோ அவ்விதம் குறிப்பிடவில்லை. கணினித் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று 2022-இல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. அந்த அவசரத்தில் ஆலைக் கணினி யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்க அவகாசமேது?

ஆகவே, ஸ்தானத்தின் உயர்வு தாழ்வு எப்படியும் போகட்டும். பேட்ச் போடுவதற்காக லைனை நிறுத்தும் உரிமை சி.ஐ.ஓ.வுக்கு எழுத்து மூலம் தரப்பட வேண்டும், அதனால் குறையும் உற்பத்தியைப் பிளான்ட் ஹெட்டின் கணக்கில் பற்று எழுதலாகாது என்பதே என் அபிப்பிராயம். ஆயுத பூஜைக்கு யந்திரங்களை நிறுத்திச் சந்தனம் குங்குமம் இடும் நாட்டில், காலாண்டுக்கு ஒருமுறை இதற்கென நிறுத்துவதை எந்த போர்டும் ஆட்சேபிக்கக் காரணமில்லை.