ஊர் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம்

குர்லா அடுக்ககங்களில் கொல்லை ஏது? ஆயினும் நம்மில் சிலர், நெல்லைச் சீமையில் எழுப்பும் வீட்டின் பின்புறம் நீச்சல் குளமும் கட்டக் கடன் பெற எண்ணுகின்றனர். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள சிமெண்டுக் குளம் ஏறத்தாழ 22,600 லிட்டர் கொள்ளும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருமுறை வர வேண்டும். பிள்ளைகள் அதில் இறங்குவதோ கோடை விடுமுறையில் இரண்டு வாரம். பூட்டிய வீட்டில் வடிகட்டி ஓடாவிடில் பாசி படரும், கொசு பெருகும். வடித்துவிட்டாலோ, மழைக்காலத்தில் உயரும் நிலத்தடி நீரின் அழுத்தத்தால் வெற்றுத் தொட்டி விரிசல் காணக்கூடும்.

கழற்றி மடித்து வைக்கத்தக்க சட்டகக் குளமே அத்தகைய வீட்டிற்கு ஏற்றது என்பது எம் கருத்து. 10 அடிக்கு 6 அடி, 2 அடி நீர்: 3,400 லிட்டர் போதும். குளோரின் அடங்கியபின் அந்நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். (2 அடி நீராயினும் குழந்தையருகே பெரியவர் ஒருவர் இருந்தேயாக வேண்டும்.) முறையாக நீந்தப் பயில, குர்லாவுக்கு அண்மையிலேயே, செம்பூரில் மாநகராட்சியின் ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளம் உள்ளது.