தோட்டத்துத் துரையின் மாலைப் பொழுது

சிங்கப்பூரில் தெருவில் குப்பை போட்டால் அபராதம். இது ஊரறிந்த செய்தி. ஆனால் அதே ஊரில் ஓர் இடத்தில் மட்டும் வேர்க்கடலையை உரித்து, தொலியைத் தரையிலேயே போடலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்!

அந்த இடம் ராபிள்ஸ் ஓட்டலில் உள்ள "லாங் பார்" என்னும் மதுக்கூடம். ஓட்டல் 1887-ம் ஆண்டில் பிறந்தது. ஆர்மீனிய வம்சத்தைச் சேர்ந்த சார்க்கீஸ் சகோதரர்கள் 10 அறைகளோடு அதைத் தொடங்கினார்கள்.

கூடத்துக்குள் நுழைந்தால் வெளியே அடிக்கும் வெயில் மறந்து போகும். கருத்த மரச் சாமான்கள். கூரையிலே ஓலை விசிறிகள் வரிசையாக அசைகின்றன. மேஜைதோறும் கடலை. வருகிறவர்களில் பலர் கேட்டு வாங்குவது "சிங்கப்பூர் ஸ்லிங்" என்ற பானம். ஜின் மதுவில் அன்னாசிச் சாறும் எலுமிச்சையும் சேர்ந்தது. 1915-ம் ஆண்டு வாக்கில் அங்கே வேலை பார்த்த நியாம் டோங் பூன் என்ற சீனர் அதைக் கலந்தாராம். பெண்கள் பலர் முன்னிலையில் மது அருந்துவது அன்று கௌரவக் குறைவு. ஆகவே பார்வைக்குப் பழரசம் போல இருக்கும்படி செய்தார் என்கிறார்கள். கெட்டிக்காரர்தான்!

குடிப்பதை இங்கே சிபாரிசு செய்யவில்லை. அந்தக் கூடத்தின் அலங்காரத்தைப் பற்றித்தான் பேச்சு.

1920-ம் ஆண்டுகளில் மலேயா தோட்டங்களில் இருந்த வாழ்க்கையை நினைவூட்டும் விதமாக அது அமைக்கப்பட்டிருக்கிறது. வேலை முடிந்து, துரை சாய்ந்து உட்கார்ந்து இளைப்பாறும் மாலைப் பொழுது! ஓட்டல்காரர்கள் அதை வைத்து வியாபாரம் செய்வதில் தவறில்லை. ஆனால் தோட்டம் என்றால் துரை மட்டும்தானா?

அந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகையால் விடியுமுன்பே எழுந்து மரத்தடிக்கு ஓடவேண்டும். அவர்களுக்கும் மாலை வந்தது. சாய்ந்து உட்கார நாற்காலி ஏது? தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. பகலில் வாங்கிய கூலி இரவில் அங்கே போயிற்று. அடுப்பு எரியாத வீடுகளில் பெண்கள் அழுதார்கள்.

1941-ம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்தும்படி கேட்டார்கள். துரைமார் எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். இன்னொரு கோரிக்கை என்ன தெரியுமா? தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது! குடித்துக் கெட்டவர்கள் என்று ஏசப்பட்டவர்களே அதைக் கேட்டார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

"பாட்டனார் மலேயாவுக்குப் போனார்" என்ற பேச்சு நம் ஊர்களில் பல வீடுகளில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இன்று நன்றாகப் படித்து, சிங்கப்பூரில் கைநிறையச் சம்பாதிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நண்பர்களோடு அந்தக் கூடத்தில் போய் உட்காருகிறான். உட்காரட்டும், அதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு. கடலையை உரித்துக்கொண்டே அண்ணாந்து விசிறியைப் பார்க்கிறான். இப்போது அதை இயந்திரம் ஆட்டுகிறது. மின்சாரம் வருமுன் துரைமார் பங்களாக்களில் விசிறியின் கயிற்றைப் பிடித்து இழுக்க, ஓர் ஆள் மூலையில் உட்கார்ந்திருப்பான்.