செத்தவர் மீதே பழி

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு அருகே ஒரு டீக்கடை. நாளிதழில் விபத்துச் செய்தியின் தலைப்பைப் பார்த்ததுமே ஒரு பெரியவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "காலனிப் பசங்களா இருப்பானுங்க. பைக்கை முறுக்கிக்கிட்டுப் போனா இப்படித்தான்." நான் வாங்கிப் படித்தேன். செத்தவர், சாலையைக் கடந்த ஒரு பெண். 'காலனிப் பசங்க' அந்தச் செய்தியிலேயே இல்லை. பழி மட்டும் தயாராக இருந்தது.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நடந்து சென்றவர்கள் 32,825 பேர். இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள் 74,897 பேர். பத்தில் ஆறு பேருக்கு மேல் காருக்கு வெளியே இருந்தவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

வயது, பாலினம், வாகனம் என்று பிரிக்கும் அந்த அறிக்கையில் சாதிக்குக் கட்டம் இல்லை. ஆனால் நம் ஊர்களின் அமைப்பு நமக்குத் தெரியும். சேரியை ஊருக்கு வெளியே தள்ளியது சாதி. புறவழிச்சாலையும் ஊருக்கு வெளியேதான் வருகிறது. பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் கூலி வேலைக்கும் அதை நடந்து கடப்பவர்கள் யார்?

திருச்சி-தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அதே நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, 2024 ஜூலையில், சமயபுரம் மாரியம்மனுக்குப் பாதயாத்திரை போனவர்கள் மீது சரக்கு வாகனம் மோதி 5 பேர் இறந்தார்கள். நடக்க வேறு வழியில்லாமல் நெடுஞ்சாலையில் நடந்தவர்கள்.

அரசுக்கு ஏற்பாடு செய்யத் தெரியாதா? வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் தடுப்புகள், போக்குவரத்து மாற்றம், தெருவுக்குத் தெரு போலீஸ். நல்லது, செய்யட்டும். நடப்பவரின் உயிரைக் காக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த அக்கறை தினமும் நெடுஞ்சாலையைக் கடக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் சித்தாளுக்கும் ஏன் கிடைப்பதில்லை?

ஹெல்மெட் போடுங்கள் தோழர்களே, நானும் போடுகிறேன். ஆனால் நடந்து போகிறவருக்கு ஹெல்மெட் பதில் இல்லை. சர்வீஸ் ரோடு, சுரங்கப்பாதை, குடியிருப்புப் பகுதியில் வேகக் கட்டுப்பாடு: இவைதான் பதில். 'அவன் தலைவிதி' என்று சொல்லி இவற்றைக் கேட்காமல் விடுவது, சேரியை வெளியே வைத்த அதே மனநிலைதான். அடுத்த விபத்துச் செய்தியைப் படிக்கும்போது, செத்தவர் யார் பிள்ளை என்று கேட்காதீர்கள். அங்கே நடக்க இடம் இருந்ததா, கடக்க வழி இருந்ததா என்று கேளுங்கள்.