வழியில் தொலைந்ததா, கணக்கில் தொலைந்ததா?



சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் புதல்வர், ஹிஞ்சவடியில் கணினிப் பணி புரிபவர், முகவாட்டத்துடன் வந்தார். அலுவலக வலையில் ஓடும் பொட்டலங்களை 'டிசிபிடம்ப்' கருவியால் கண்காணித்தபோது, பல்லாயிரம் பொட்டலங்கள் கைவிடப்பட்டதாக அது கணக்குச் சொல்லிற்றாம்.

"இணைப்புக் கொடுத்தவர்கள் ஏமாற்றுகிறார்கள், மாமா. ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும்படி கடிதம் எழுதிவிட்டேன்" என்றார்.

"அனுப்பியாயிற்றா, தம்பி?"

"இல்லை."

நல்லதாயிற்று. அந்நிறுவனமோ சிறியது, ஒப்பந்தம் போனால் சிலர் பிழைப்பும் போகும்.

அக்கருவி முடிவில் மூன்று எண்களைத் தருகிறது: பிடித்தவை, வடிகட்டிக்கு வந்தவை, கர்னல் கைவிட்டவை. மூன்றாவது எண் வழியில் தொலைந்தவற்றைக் குறிப்பதன்று. வேவு பார்த்தவன் கையில் நழுவியவற்றையே குறிப்பது. ஸ்வார்கேட் பேருந்து நிலைய வாயிலில் ஆள் எண்ணுகிறவன், ஒவ்வொருவரிடமும் ஊரும் பேரும் விசாரித்து எழுதலானால், பின்வருவோர் நிற்பரோ? அவன் எழுதாது விட்டவர் ஊர் போய்ச் சேரவில்லை என்று சொல்லலாமோ?

நம் இளைஞர் செய்ததும் அதுவே. ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடக் கருவி காத்திருந்த வேளையில், பஃபர் என்னும் தேக்கிடம் நிரம்பி வழிந்தது. லினக்ஸில் அது வழக்கமாக 2 மெகாபைட்டுதான். '-என்' குறியால் பெயர் தேடலை நிறுத்தி, '-டபிள்யூ' குறியால் நேரே கோப்பில் எழுதி, பெரிய எழுத்து '-பி' குறியால் தேக்கிடத்தைப் பெருக்கச் சொன்னேன். வேண்டாதவற்றைக் கர்னலிலேயே வடிகட்டும் முறையை மெக்கான், ஜேக்கப்சன் இருவரும் 1993இலேயே விளக்கி எழுதியிருக்க, அனைத்தையும் அள்ளுவானேன்?

மறுநாள் மூன்றாம் எண் பூஜ்யமாயிற்று. ஆயினும் கோப்பில் ஓட்டைகள் இருந்தன! இப்போது ஐயம் சுவிட்சின் மேல் விழுந்தது. போக்கிலும் வரவிலும் தனித்தனியே 1 கிகாபிட் ஓடக்கூடிய தடத்தின் நகலை, 1 கிகாபிட் வாயில் ஒன்றிலேயே இறக்கியிருந்தார். நெரிசலில் மிஞ்சியவை சுவிட்சிலேயே கொட்டிப்போகும். கருவியை அவை வந்தடையாததால், அதன் கணக்கிலும் அவை ஏறா.

வேவு பார்ப்பவன் நழுவவிடுவது எங்கும் அற்பம் என்பதுமில்லை. புணேக்கு வடக்கே கோடத்தில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட வானொலித் தொலைநோக்கிக்குக் கேட்டுக்கொண்டிருப்பதே தொழில். அங்கே பெறுகிற கணினி ஒரு நொடி அயர்ந்தால், அந்நொடியின் வானத்தைத் திரும்பக் கேட்டு வாங்க இயலாது.

இளைஞர் இன்னும் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இணைப்பின் மறுமுனையில் எத்தனை பொட்டலங்கள் வந்து சேர்ந்தன என்ற கணக்கைக் கேட்டிருக்கிறார். அது வரும்வரை கடிதம் மேஜை அறையிலேயே இருக்கும்.