வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரத்தில் வாங்கிய பட்டுச் சேலை தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. கடையே மூடிப்போனாலும், பெட்டியிலுள்ள சேலையைப் பறிக்க எந்த முதலாளியும் வருவதில்லை.

வீடியோ கேம் வியாபாரத்திலோ நியாயம் தலைகீழ்! யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014-ல் ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டை விற்றது. 2015-லும் 2016-லும் அதற்குக் கூடுதல் பகுதிகளைத் தனியே விற்றது. சேலைக்கு ஒரு விலை, முந்தானைக்கு வேறு விலை! 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தியது. சேலையும் போயிற்று, முந்தானையும் போயிற்று. வாங்கி வைத்த தகடும் வீணாயிற்று.

விற்றது பொருளல்ல, உபயோகிக்கும் அனுமதியே என்பது கம்பெனியின் வாதம். பாவும் ஊடையும் என்னுடையவை, உழைப்பு மட்டுமே உன்னுடையது என்று தறிக்குழியில் நாம் கேட்ட அதே குரல்!

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், விற்பது அனுமதிதான் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமெனச் சட்டம் அமலில் உள்ளது. சொல்லிவிட்டுப் பறித்தால் கொள்ளை நியாயமாகிவிடுமா? ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை எதிர்த்துக் கையெழுத்திட்டுள்ளனர்.

தோழர்களே, கைபேசியில் நம் பிள்ளைகள் செலவிடுவதும் நமது கூலிக் காசுதான். சர்வரை நிறுத்தினால், வாங்கியவர் கையில் விளையாட்டு ஓடும்படி விட்டுச் செல். இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கொடு! இதை இந்தியாவிலும் சட்டமாக்கக் கோருகிறோம்.