ஏட்டில் இல்லாதது வீட்டில் இல்லை

நெகிரி செம்பிலான் மாநிலத்து லாபு வட்டாரத்தில் இரண்டு தமிழ்ப்பள்ளிகள் லாபு தோட்டத்தின் பெயரையும் அதன் பிரிவு எண்களையும் இன்றளவும் தாங்கி நிற்கின்றன. ஒன்று முதற்பிரிவின் பெயரால் வழங்குவது. மற்றொன்று நான்காம் பிரிவின் பெயரால் வழங்குவது. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. செம்பனையும் விலகிய இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. அருகே சிப்பாங்கில் 1998ஆம் ஆண்டு பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. பால்மரம் போயிற்று, பால்வாளி போயிற்று, பிரிவு எண் மட்டும் போகவில்லை. ஏன்? அது ஏட்டில் எழுதப்பட்டிருந்தது.

தோட்ட நிருவாகம் எதனையும் எழுதாமல் விட்டதில்லை. விடியுமுன் பிரட்டில் நின்றவர் யார், நில்லாதவர் யார் என்பது செக்ரோலில் ஏறியது. எவருடைய வாளியில் எவ்வளவு பால் என்பதைக் கிராணி நிறுத்து எழுதினார். ஆனால், அதே தோட்டத்து லயத்து வீட்டில் என்ன இருந்தது என்பதை எவரும் எழுதவில்லை. நாடகக் கையெழுத்துப் படியும், திருவிழா அறிக்கையும், பாட்டுப் புத்தகமும், இசைத்தட்டும், வார இதழும் வீடு மாறிய நாளில் பழைய தாளோடு தாளாக எடைக்குப் போயின. போனவை எவை என்று சொல்லவும் இன்று ஒரு பட்டியல் இல்லை. இழப்பினும் கொடியது, இழந்தது இன்னதென்று அறியாதிருத்தல். முதலாளியின் பொருளுக்குக் கணக்கு இருந்தது. உழைப்பாளியின் பொருளுக்குக் கணக்கு இல்லை. அந்தப் பழக்கம் லயத்தோடு ஒழிந்துவிடவில்லை. இன்று அது இளைஞரின் வீடியோ விளையாட்டு அலமாரியில் குடியேறியிருக்கிறது.

வீடியோ விளையாட்டு தமிழர் இல்லங்களுக்குப் புதிதன்று. 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் வெளிவந்தது. 1994இல் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வெளிவந்தது. அவற்றையும் அவற்றின் போலிகளையும் ஆடி வளர்ந்த சிறுவர்கள் இன்று பெற்றோராகவும், சிலர் ஆசிரியராகவும் உள்ளனர். கேசட்டாகவும் குறுந்தட்டாகவும், இணையத்தின்வழி இறக்கிக் கொண்டவையாகவும் விளையாட்டுகள் வீட்டில் சேர்ந்து கிடக்கின்றன. 'எத்தனை வைத்திருக்கிறாய்?' என்று மாணவனைக் கேட்டால், 'நிறைய இருக்கிறது, ஐயா' என்பான். நிறைய என்பது ஓர் எண்ணா? எண்ணாமல் விட்டதற்கு இட்ட பெயர் அது.

இதனைக் காணும் பெரியோர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். 'தூக்கி எறி' என்கிறது ஒரு கட்சி. 'பிள்ளைதானே, விட்டுவிடுங்கள்' என்கிறது மற்றொன்று. 'கணக்கெழுது' என்று சொல்லும் மூன்றாவது குரல் எழவே இல்லை. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் இனத்தில் அந்தக் குரல் ஆசிரியரிடமிருந்து எழவில்லை என்றால், வேறு எவரிடமிருந்து எழும்?

'விளையாட்டுப் பொருளுக்கு ஏடு எதற்கு?' என்பது முதல் மறுப்பு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்றோர் ஊர் உள்ளது. விற்காமல் தேங்கிய விளையாட்டுக் கேசட்டுகளை 1983இல் அட்டாரி நிறுவனம் அவ்வூர்க் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்த மேடு தோண்டப்பட்டது. ஏறத்தாழ 1300 கேசட்டுகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகமான ஸ்மித்சோனியனில் இடம் பெற்றது. குப்பையாய் இருந்தபோதும் அதே கேசட்டுதான்; அருங்காட்சியகத்தில் இருக்கும்போதும் அதே கேசட்டுதான். இடையில் நிகழ்ந்தது ஒன்றே. அது எங்கிருந்து வந்தது, எப்போது கிடைத்தது என்பதை ஒருவர் எழுதி வைத்தார். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து குறுந்தட்டு முதலிய வடிவங்களில் வெளியாகும் மின்வெளியீடுகளைச் சட்டப்படி பெற்றுக் காக்கிறது. வீடியோ விளையாட்டும் அவற்றுள் அடங்கும். ஒரு நாட்டின் தலைமை நூலகம் பட்டியலிடும் பொருளைப் பட்டியலுக்குத் தகாதது என்று எள்ளுவது அறிவுடைமை ஆகாது.

'தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்பது இரண்டாம் மறுப்பு. 2023 ஜூலைத் திங்களில் 'வெண்பா' என்னும் பெயரில் ஒரு வீடியோ விளையாட்டு வெளிவந்தது. கனடாவில் உருவான அதன் நாயகி, 1980களில் அந்நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்த்தாய். இட்டலி முதலாகத் தமிழர் உணவுகளை ஆடுபவர் சமைத்து முடிக்க வேண்டும். அவளுடைய தாய் தந்த சமையற் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விடுபட்ட இடத்தை ஊகித்து நிரப்புவதே ஆட்டம். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024இல் அதற்கு முதற்படைப்புக்கான விருதை வழங்கியது. ஏடு அழிந்தால் ஒரு குடும்பம் எதை இழக்கும் என்பதைத் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு விளையாட்டே உலகுக்குச் சொல்லிவிட்டது. அந்த விளையாட்டை வாங்கிய மலேசியத் தமிழ் மாணவன், அதன் பெயரையும் வாங்கிய நாளையும் தன் ஏட்டில் ஒரு வரியாக எழுதியிருப்பானா? எழுதியிருந்தால் அந்த ஒரு வரியும் தமிழ் வரலாற்றுக்குச் சான்றாகும்.

'எல்லாம் நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. தனி ஏடு வேண்டா' என்பது மூன்றாம் மறுப்பு. மிகுதியும் ஏமாற்றுவது இதுதான். நிண்டெண்டோ நிறுவனம் தன் இரு பழைய கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச் 27ஆம் நாள் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கான கடையை 2024 ஜூலை 29ஆம் நாள் மூடியது. 'தி குரூ' என்னும் கார் ஓட்ட விளையாட்டின் வழங்கியை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவரும் ஆட முடியாமற் போயிற்று. இத்தகைய விற்பனையில் வாங்குபவர் பெறுவது பொருளன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதைக் கடைகள் வெளிப்படச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமியற்றி, 2025 முதல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று, விளையாட்டு வரலாற்றைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று 2023இல் ஆய்ந்து அறிவித்தது. கிராணியின் செக்ரோலை நம்பித் தன் பேர் நாளைத் தானே குறிக்காத தொழிலாளி, கூலி குறைந்த நாளில் எதைக் காட்டி வாதிட்டிருக்க முடியும்? இன்று நிறுவனத்தின் கணக்கை மட்டும் நம்பியிருக்கும் இளைஞனும் அதே நிலையில்தான் நிற்கிறான்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எழுதினால் ஆசைதான் பெருகும்' என்பது நான்காம் மறுப்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. பட்டியல் இல்லாதவனே ஒரே விளையாட்டை இருமுறை வாங்குகிறான். பட்டியல் இல்லாதவனே நண்பனுக்கு இரவல் கொடுத்ததை மறந்து, பின்னர் எவனோ எடுத்துவிட்டான் என்று பழி சுமத்துகிறான். எழுதாக் கடனுக்கு அழுதால் தீராது. விலை என்னும் பத்தியை மாதந்தோறும் கூட்டிப் பார்க்கும் மாணவனின் கை, அடுத்த விளையாட்டை வாங்குமுன் சற்றே தயங்கும். ஆடி முடித்தவை எத்தனை, உறை பிரிக்காதவை எத்தனை என்று எண்ணும்போது அவனே தனக்கு நீதிபதி ஆகிறான். அசலா, போலியா என்றொரு பத்தி இருக்குமானால், அவனுடைய மனச்சான்றும் அங்கே கையொப்பமிடும். இந்நாட்டில் குறுந்தட்டு உற்பத்தியை உரிமத்தின்கீழ்க் கொணர 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. சட்டம் ஆலையை வாயிலில் நின்று தடுக்கும். ஏடு வாங்குபவனை வீட்டுக்குள் இருந்து திருத்தும்.

ஏடு எப்படி இருக்க வேண்டும்? ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகம் போதும். வரிசை எண், விளையாட்டின் பெயர், எந்தக் கருவிக்குரியது, வெளியிட்ட நிறுவனமும் ஆண்டும், வாங்கிய நாளும் விலையும், கேசட்டா குறுந்தட்டா இறக்கியதா, உறையும் கையேடும் உள்ளனவா, இப்போது எங்கே இருக்கிறது, இரவல் பெற்றவர் யார் என்று பத்திகள் அமையட்டும். எந்த நாட்டு விற்பனைக்கு உரியது என்பதும் வேண்டும். ஜப்பானுக்கென்று செய்த குறுந்தட்டு ஐரோப்பாவுக்கென்று செய்த கருவியில் பல வேளைகளில் ஓடாது. பழைய கேசட்டுகள் சிலவற்றுள் ஆட்டத்தின் நிலையைக் காத்து வைக்கச் சிறு மின்கலம் ஒன்று உண்டு. ஆண்டுகள் பல கழிந்தால் அது வற்றும். காத்த கணக்கும் அழியும். அதனை மாற்றிய நாளுக்கும் ஒரு பத்தி வேண்டும். வரிசை எண்ணை உறையின் மேலும் ஒட்டிவிட வேண்டும். ஏட்டில் எண் இருந்து உறையில் இல்லையெனில், தேடுபவன் வீடு முழுவதையும் கலைப்பான். கணினியில் எழுதுவோர் எழுதலாம். ஆயினும் ஆண்டுக்கொரு முறை தாளில் ஒரு படி எடுத்து வைத்தல் வேண்டும்.

இக்கலை தமிழர்க்கு அயலார் கற்பிக்க வேண்டியதன்று. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். வைத்த பொருளை எடுத்துப் பயன்கொள்ள முடியாவிடில், வைத்தும் வைக்காததே என்னும் தெளிவு அவருடைய பணி முழுவதிலும் ஊடுருவி நிற்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் நூலும் இதழும் அறிக்கையுமாக ஏறத்தாழ ஓர் இலட்சம் பொருள்களைச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின்னர், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதனைக் கொண்டு சென்னையில் ஆய்வு நூலகம் உருவாயிற்று. நாடக அறிக்கையையும் அழைப்பிதழையும் சேர்த்தபோது அவரைப் பார்த்துச் சிரித்தவரும் இருந்திருப்பர். இன்று அவை அட்டவணைப்படுத்தப்பட்டு ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.

ஆசிரியப் பெருமக்கள் செய்ய வேண்டியது பெரிதன்று. கட்டுரைப் பாடவேளை ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். மாணவன் தன் விளையாட்டுகளைத் தமிழில் பட்டியலிடட்டும். பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுகையில் ஒலிபெயர்ப்பு கற்பான். ஒவ்வொன்றையும் இரண்டு வரியில் விளக்குகையில் உரைநடை கற்பான். விலையைக் கூட்டுகையில் கணக்கு கற்பான். ஏளனம் செய்யும் ஆசிரியரிடம் அவன் மறைப்பதை மட்டுமே கற்பான். தன் விளையாட்டுக்கு ஏடு எழுதப் பழகியவன் அந்த அலமாரியோடு நின்றுவிடமாட்டான். அடுத்த தாளில் வீட்டிலுள்ள தமிழ் நூல்களை எழுதுவான். அதற்கடுத்த தாளில் தாத்தாவின் படங்களை எழுதுவான். படத்தில் இருப்பவர் யார் என்று பாட்டியைக் கேட்பான். பாட்டி இருக்கும்போதே கேட்பான்.

லாபுவில் இன்னும் எத்தனை தோட்ட வீடுகள் வெறுமையாகும், எத்தனை பெட்டிகள் பிரிக்கப்படாமலே எடைக்குப் போகும் என்பதைத் தடுக்கும் ஆற்றல் தமிழாசிரியர்க்கு இல்லாதிருக்கலாம். பெட்டியில் இருப்பதை எழுதிவிட்டு மூடு என்று சொல்லும் ஆற்றல் உண்டு. தோட்டத்துக்குக் கிராணி இருந்தார். தமிழர் வீட்டுக்கு அவ்வீட்டுப் பிள்ளையே கிராணி ஆகட்டும். அவன் கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, முதல் வரியில் அவன் மிகவும் விரும்பும் விளையாட்டின் பெயரை எழுதச் சொல்வதே தொடக்கம்.