புன்னை இருக்கப் புல்வெளி எதற்கு?

லிங்கராஜபுரத்து மாடிகளில் செம்மண் தொட்டியிலேயே ரோஜா செழிக்கிறது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஊர். உப்புக்காற்று இங்கு இல்லை. சொந்த ஊர் திரும்பி நாகப்பட்டினக் கடலோரத்தில் வீடு கட்டுவோர் அதே தோட்டத்தை அங்கும் அமைக்க விரும்புவது பொருந்தாத ஆசை.

கடலோர மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் படலமாக மிதக்கிறது. புல்வெளிக்காக ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மிகுதியாக இறைத்தால் உவர்நீர் மேலேறும். அண்டை வீட்டுக் குடிநீர்க் கிணறும் கெடும். ஒரு வீட்டின் அழகுக்குத் தெருவே விலை கொடுப்பது முறையன்று.

அம்மண்ணுக்கு உரியவை முன்பே அங்கு உள்ளன. அடும்பங்கொடி கணுக்கள்தோறும் வேர்விட்டு மணலைப் பிடித்து நிறுத்தும். தாழை காற்றைத் தடுக்கும். புன்னையோ உப்புக்காற்றைத் தாங்கி நிழலும் தரும். நற்றிணையில் ஒரு தாய் அம்மரத்தைத் தன் மகளுக்கு உடன்பிறந்தவள் என்றே சொல்கிறாள். சவுக்கு விரைந்து வளரும் என்பர். அதன் சருகுக்கடியில் பிற செடிகள் எளிதில் முளைப்பதில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் உப்பேறிய நாகை வயல்களில் உழவர் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது மண்ணை மீட்டனர். வீட்டு மணலுக்கும் அதுவே நல்ல தொடக்கம். லாரியில் செம்மண் வரவழைக்க வேண்டியதில்லை. புன்னங்கன்று நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகும் என்பது உண்மையே. அதுவரை முற்றத்தில் ஒரு கீற்றுப் பந்தல் போதும்.